யோகராஜாவின் கல்வெட்டு

கிழக்கு லண்டனில் தமிழர் யாராவது இறந்துபோனால் முதலில் டாக்டருக்குச் சொல்வார்கள். அடுத்தது ஐயருக்கு. மூன்றாவதாகத் தொலைபேசி அடிப்பது பிளேஸ்டோவில் கலாவதியின் வீட்டில்.

“இஞ்சார், ஆரோ செத்துப்போச்சினம்,” என்பார் கணவர் சபாரத்தினம், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே. “எங்கட வீட்டுக்கு நல்ல செய்தி சொல்ல ஒருத்தரும் எடுக்கிறேல்லை.”

“ஒருக்காலாவது நீங்கள் எழும்பி எடுத்தாத்தானே நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ எண்டு தெரியும்,” என்றபடி கலாவதி கையைத் துடைத்துக்கொண்டு போவார்.

யாழ்ப்பாணத்தாருக்குக் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது மட்டுமல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டியில், சாப்பாட்டுக்கு முன் இருந்து வாசித்து, வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்பும் சிறு புத்தகத்துக்கும் அதுதான் பெயர். முன்பக்கத்தில் இறந்தவரின் படம், ஒரு தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா. பிறகு அவருடைய வாழ்க்கை பாட்டாக வரும். அதன் பின் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். கடைசியில் வம்சாவளியும் நன்றியும். ஊரில் இவற்றை எழுதியவர்கள் புலவர்மார். லண்டனில் புலவர் அகப்படாத குறைக்கு, மானிப்பாயில் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழ் படிப்பித்துவிட்டு 1979இல் கணவரோடு வந்து சேர்ந்த கலாவதி அகப்பட்டார். அவருக்கு வெண்பா வரும். கையெழுத்தும் அச்சுப்போல உருண்டையாக இருக்கும். தமிழ் எழுத்துக் கோக்க வசதியில்லாத ஊரில் அந்தக் கையெழுத்தையே படம் பிடித்து அச்சடித்துவிடலாம். ஆகவே அவர் எழுதியது எதுவென்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பார்த்தாலே தெரியும்.

திதி மட்டும் பிழைக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. பஞ்சாங்கத்தை வைத்து மறுபடி மறுபடி பார்ப்பார். மற்றதெல்லாம் கைவசம் இருந்தது. கிழக்கு லண்டனில் இறந்த தமிழர் எல்லாரும் கற்றவர் மெச்ச வாழ்ந்தவர்கள், வந்தாரை முகம் மலர்ந்து வரவேற்றவர்கள். மாமியாரோடு பத்து வருடம் முகம் பார்த்துப் பேசாத மருமகள்கூட அவருடைய பாட்டில் நெஞ்சிலடித்துப் புலம்பினாள். ஒருமுறை ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே புலம்பலைக் கொடுத்துவிட்டார். இரண்டாவது வீட்டு அந்தியேட்டியில் அவர் ஒரு அடியைப் பாடி மூச்சு வாங்குவதற்குள், பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா அடுத்த அடியைப் பாடி முடித்துவிட்டார். சபாரத்தினம் அதை வேலைத்தலத்தில் ஒரு மாதம் சொல்லிச் சிரித்தார்.

1986 செப்டம்பரில் கலாவதி ஆங்கிலம் படிக்க வால்தம்ஸ்டோவுக்குப் போனார். கவுன்சில் நடத்தும் மாலை வகுப்பு. ஆங்கில வகுப்பு நிரம்பிவிட்டது. மேசையில் இருந்த பெண், வேறு வகுப்பு ஒன்றில் இடம் இருக்கிறது, அந்த ஆசிரியை தெளிவாகப் பேசுவார், கேட்டுக்கொண்டிருந்தாலே ஆங்கிலம் வரும் என்று சொன்னாள். அது பழைய சீன வரலாறு.

“இங்கிலீஷ் படிக்கப் போய்ச் சீனம் படிக்கிற ஆள் லண்டனிலை நீர் ஒராள்தான்,” என்றார் சபாரத்தினம்.

ஆசிரியையின் பெயர் கத்தரின். நாற்பது வயதுக்குள் இருக்கும். எப்போதும் தடிமன் பிடித்தவர்போல மூக்கைத் துடைத்துக்கொண்டு பேசுவார், ஆனால் சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும். அவர் பாடம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போனது. இந்தப் பழைய சீன ஏடுகளை எவ்வளவுக்கு நம்பலாம்?

மூவாயிரம் ஆண்டுக்கு முன் ஆண்ட ஷாங் அரசர்களின் பெயர்களை, அவர்கள் போய் ஆயிரம் ஆண்டு கழித்து அரசவையில் இருந்த ஒருவர் வரிசையாக எழுதி வைத்திருந்தார். வெறும் கட்டுக்கதை என்று பலர் தள்ளினார்கள். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில், மருந்துக்கென்று பொடித்து விற்ற பழைய எலும்புகளில் எழுத்து இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அரசர்கள் குறி கேட்ட மாட்டெலும்புகளும் ஆமை ஓடுகளும் அவை. படித்துப் பார்த்தால் அதே பெயர்கள். இரண்டொருவர் வரிசையில் இடம் மாறியிருந்தார்கள், அவ்வளவுதான். எலும்புக்கு விலை ஏறியதும் வியாபாரிகள் பொய் எழுத்து வெட்டி விற்கத் தொடங்கினார்கள் என்பதையும் கத்தரின் சொன்னார்.

“அந்த ஆள் எதைப் பார்த்து எழுதினார்?” என்று கலாவதி கேட்டார். வகுப்பில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

“தெரியாது. அவர் முன்னால் ஏதோ இருந்திருக்கிறது. அது அழிந்துவிட்டது.”

இன்னொரு நாள், ஒரு அரச வம்சம் விழுந்தால் அதன் வரலாற்றை எழுதியவர்கள் அதை வீழ்த்தியவர்களின் ஆட்கள் என்று கத்தரின் விளக்கினார். ஆகவே முதல் அரசன் எப்போதும் உத்தமன். கடைசி அரசன் எப்போதும் குடிகாரன், கொடுங்கோலன், பெண்பித்தன். ஒரே வசனம், பெயர் மட்டும் வேறு. கலாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தானும் இப்படித்தான் எழுதுவதாகவும், ஆனால் தன்னுடைய ஆட்கள் எல்லாரும் முதல் அரசர்கள் என்றும் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

“யாரையாவது கெட்டவர் என்று எழுதியிருக்கிறீர்களா?” கத்தரின் ஆவலாய்க் கேட்டார்.

“செத்தவரையா? பிறகு என்னுடைய கல்வெட்டை யார் எழுதுவது?”

வகுப்பு சிரித்தது. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கலாவதி தான் எழுதிய கல்வெட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவர் அவற்றை எடுத்துப் படித்தால், எங்கள் சனங்களைப் பற்றி என்ன தெரியவரும்? திதி தெரியும். வேறொன்றும் தெரியாது.

டிசம்பர் நடுவில் யோகராஜா ஊரில் சுடப்பட்டு இறந்த செய்தி வந்தது.

யோகராஜா சிவமலரின் மகன். சிவமலர் பிளேஸ்டோவில் இரண்டு தெரு தள்ளி இருந்தார். கணவர் இல்லை. 83ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மகளோடு லண்டனுக்கு வந்து, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தார். மகன் பரீட்சை எழுதிவிட்டு வருகிறேன் என்று ஊரில் நின்றான். பரீட்சை முடியுமுன் ஒரு இயக்கத்தில் சேர்ந்துவிட்டான். அந்த 1986ஆம் ஆண்டு ஊரில் தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன. வென்ற இயக்கத்துப் பொடியன்கள் தோற்ற இயக்கத்துப் பொடியன்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். இராணுவம் முகாமுக்குள் இருந்தது. லண்டனில் இது எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கடையில் ஒருவர் அந்தப் பேச்சை எடுத்தால் மற்றவர் வெண்டிக்காயின் விலையைக் கேட்பார்.

கல்வெட்டைக் கலாவதியே எழுத வேண்டும் என்று சிவமலர் சொல்லியனுப்பினார். அடுத்த நாளே கோயில் சபைத் தலைவர் தில்லையம்பலம் கலாவதி வீட்டுக்கு வந்தார். அந்தியேட்டிக்கு மண்டபம் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். மழைக்கோட்டைக் கழற்றாமலே கதிரையின் நுனியில் இருந்தார்.

“ரீச்சர், அகால மரணம் எண்டு போடுங்கோ. இல்லாட்டி எதிரியின்ர குண்டுக்குப் பலியானார் எண்டு போடுங்கோ. ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்.”

“ஆமி அண்டைக்கு வெளிக்கிடேல்லையாமே, அண்ணை.”

“ஆர் சுட்டாலும் செத்தவன் வரப்போறானே? இருக்கிறவை இருக்கவேணும். என்ர மருமக்கள் ரண்டு பேர் அங்கை. உங்கட தம்பியும் மானிப்பாயிலைதானே?”

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. ஒரே வருத்தம் உள்ள இரண்டு பேர் மருந்தைப் பற்றிப் பேசிக்கொள்வதுபோலத்தான் சொன்னார். அதனாலேயே அது கலாவதிக்கு உறைத்தது. அவருடைய தம்பி கனகலிங்கம் மனைவி பிள்ளைகளோடு மானிப்பாயில்தான் இருந்தார்.

கலாவதி வழக்கம்போல எழுதினார். திதி வெண்பா சரியாக வந்தது. ‘பகைவர் கணையால்’ என்று ஒரு இடத்தில் போட்டார். பகைவர் யார் என்பதை வாசிப்பவர் விருப்பத்துக்கு விட்டார். தாயார் புலம்பல் எட்டுப் பாட்டு. எடுத்துக்கொண்டு போய்ச் சிவமலரின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினார்.

சிவமலர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார்.

“ஆர் பகைவர்?”

கலாவதி தாளை மடித்தார்.

“இந்தப் புலம்பல் ஆற்ர புலம்பல், அக்கா? இதிலை நான் சொன்ன ஒரு சொல்லும் இல்லையே. மணியே எண்டும் மரகதமே எண்டும் நான் அவனை எப்ப கூப்பிட்டனான்? எருமை எண்டுதான் கூப்பிட்டனான். எருமை, எழும்படா எண்டு.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உள்ளதை எழுதுங்கோ. தமிழ்ப் பொடியள்தான் அவனைச் சுட்டது எண்டு எழுதுங்கோ. எல்லாரும் கையிலை வைச்சுப் படிக்கட்டும்.”

“ஆர் கண்டது, சிவமலர்?”

“ஊரே சொல்லுது.”

“ஊர் சொல்லுறது வேறை. கண்டது வேறை.”

சிவமலர் அவரை நிமிர்ந்து பார்த்தார். “இது உங்கட சீன வகுப்பு ரீச்சர் கேக்கச் சொன்ன கேள்வியோ? இல்லாட்டிப் பயத்திலை கேக்கிறியளோ?”

கலாவதி தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வெளியே வந்து நடந்தபோதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. யார் கண்டது என்பது நேர்மையாக எழுத நினைப்பவர் கேட்க வேண்டிய கேள்வி. எழுதாமல் தப்ப நினைப்பவருக்கும் அதைவிட வசதியான கேள்வி வேறில்லை. தான் இரண்டில் எந்த ஆளாக அதைக் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்திய கடைசி வகுப்பில் கத்தரின் சீ நாட்டுக் கதையைச் சொன்னார். ஒரு மந்திரி தன் அரசனைக் கொன்றான். அரண்மனை வரலாற்றாசிரியர் அதை அப்படியே ஏட்டில் எழுதினார். மந்திரி அவரைக் கொன்றான். அவருடைய தம்பி அதையே எழுதினார், அவரையும் கொன்றான். அடுத்த தம்பியும் எழுதினார், செத்தார். அதற்கும் அடுத்த தம்பி வந்து அதே வசனத்தை எழுதியபோது மந்திரி அலுத்துப்போய் விட்டுவிட்டான்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் கலாவதி கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

“இது நடந்ததா?”

கத்தரின் மூக்கைத் துடைத்தார். “அரசன் கொல்லப்பட்டது நடந்திருக்கும். அண்ணன் தம்பிகள் கதை பிறகு எழுதப்பட்டது. எழுதியவர்கள் வரலாற்றாசிரியர்கள். தங்கள் கூட்டத்தைப் பற்றித் தாங்களே சொன்ன கதை. நான் என்றால் கொஞ்சம் யோசிப்பேன்.”

“அப்போது பொய்யா?”

“அப்படியும் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்லலாம். அந்த அறையில் இருந்து பார்த்த ஒருவர் சொன்னதாக எங்குமே இல்லை. அது எனக்கு எப்போதும் உறுத்தும்.”

அந்தப் பதில் கலாவதிக்கு ஆறுதலாக இல்லை. நான்கு சகோதரர்களின் தைரியம் உண்மை என்று ஒருவர் சொன்னால் தானும் தைரியம் கொள்ளலாம் என்று எதிர்பார்த்திருந்தார்போலும்.

உள்ளதை எழுதச் சொல்லிச் சிவமலர் கேட்டதைச் சொன்னபோது வீட்டில் சபாரத்தினம் முதலில் சத்தம் போட்டார். “உமக்கென்ன விசரே? தம்பி அங்கை குடும்பத்தோடை இருக்கிறான். நீர் இஞ்சை ஹீற்றரடியிலை இருந்து வீரம் எழுதப்போறீரோ?” இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். புது வருடம் பிறந்த கிழமை வேலையால் வந்தவர், சப்பாத்தைக் கழற்றும்போதே சொன்னார்.

“ஆர் கண்டதெண்டு கேட்டீராமே. ஒராள் வந்திருக்கிறாராம், ஹவுன்ஸ்லோவிலை. சிவமலரின்ர பொடியனைக் கூட்டிக்கொண்டுபோன சந்தியிலை சைக்கிள் கடை வைச்சிருந்தவர்.”

“ஏன் எனக்குச் சொல்லுறியள்? எழுதவேண்டாமெண்டு சொன்ன ஆள்தானே?”

“எழுதவேண்டாமெண்டு இப்பவும் சொல்லுறன். ஆனா தெரிஞ்சுகொண்டு எழுதாமல் விடும். தெரியாமல் எழுதாமல் விட்டா உமக்கு நித்திரை வராது. உமக்கு வராட்டி எனக்கும் வராது.”

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரயிலில் லண்டனின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனார்கள். அந்தச் சைக்கிள் கடைக்காரர் ஆனந்தராஜாவுக்கு முப்பது வயதிருக்கும். அக்கா வீட்டில் ஒரு அறையில் இருந்தார். விமான நிலையத்தில் இறங்கி அகதி விண்ணப்பம் கொடுத்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. கடன்வாங்கிய கம்பளிச் சட்டையின் கை நீளமாக இருந்ததால் அதை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

“நான் ஒண்டும் காணேல்லை, அக்கா.”

“சரி தம்பி. காணாததைச் சொல்லவேண்டாம்.”

தேநீர் வந்தது. சபாரத்தினம் தன் தபால் வேலையைப் பற்றியும், ஹவுன்ஸ்லோவில் விமானச் சத்தத்தில் மனிசர் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பற்றியும் பேசினார். ஆனந்தராஜா சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு யாரும் கேளாமலே தொடங்கினார்.

“யோகன் கடைவாசலிலை நிண்டவன். சைக்கிளுக்குக் காத்தடிக்க வந்தவன். அவை வந்தினம். அதிலை ஒருத்தனை எனக்குத் தெரியும், என்னட்டைத்தான் சைக்கிள் திருத்திறவன். தமிழிலைதான் கதைச்சவை, மரியாதையாத்தான் கதைச்சவை. ஒருக்கா வந்திட்டுப் போ எண்டு சொல்லிச்சினம். அவன் என்னைப் பாத்துச் சொன்னான், ‘அண்ணை, சைக்கிளை உள்ளை விடுங்கோ, பிறகு வந்து எடுக்கிறன்’ எண்டு. நான் சைக்கிளை உள்ளை எடுத்துக் கதவை இழுத்துச் சாத்திப்போட்டன். பயம் அக்கா. பொய் சொல்லக்கூடாது. நீக்கலுக்குள்ளாலை பாத்தன். நாலு பேர் மதகடிப் பக்கம் போச்சினம். கொஞ்ச நேரத்திலை வெடிச்சத்தம் கேட்டது.”

“சுட்டதைக் கண்டனீங்களோ?”

“இல்லை. காணேல்லை.”

“ஆமி?”

“ஆமி எங்கை வந்தது? அந்தப் பக்கம் மாசக்கணக்கா ஆமி இல்லை.” பிறகு கலாவதியின் கையைப் பிடித்தார். “என்ர பேரைப் போடாதேங்கோ. அம்மா அங்கை.”

திரும்பிப் பிளேஸ்டோவில் இறங்கியதும் சபாரத்தினம் கேட்டார். “அந்தப் பொடியன்ர பேரைப் போடாட்டி, ஆற்ர பேரைப் போடுவீர்?”

“என்ர பேரைத்தான்.”

“எனக்குத் தெரியும்,” என்றார் அவர்.

தாயார் புலம்பலை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தில் கலாவதி உரைநடையாக எழுதினார். பாட்டில் எழுதினால் பழைய சொற்கள் தாமாக வந்து குந்திக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும்.

‘யோகராஜாவைச் சந்தியில் நான்கு பேர் வந்து கூட்டிச்சென்றார்கள். நால்வரும் தமிழ் பேசினார்கள். அவர்களில் ஒருவரைக் கண்டவருக்கு முன்பே தெரியும். சைக்கிளைக் கடைக்குள் விடும்படியும் பிறகு வந்து எடுப்பதாகவும் யோகராஜா சொன்னார். அவரை மதகடிப் பக்கம் கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. சுட்டதைக் கண்டவர் இல்லை. அந்தப் பகுதியில் அன்று இராணுவம் இருக்கவில்லை. கண்டவர் ஒருவர் சொல்லக் கேட்டு எழுதியது கலாவதி சபாரத்தினம், பிளேஸ்டோ.’

சிவமலர் அதைக் குசினியில் நின்றபடியே படித்தார்.

“அவைதான் சுட்டது எண்டு இல்லையே, அக்கா.”

“அதை ஒருத்தரும் காணேல்லை.”

சிவமலர் கோபப்படப்போகிறார் என்று கலாவதி நினைத்தார். அவர் விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பிறகு வந்து எடுக்கிறன் எண்டே சொன்னவன்?”

“ஓம். அப்பிடித்தான் அவர் சொன்னவர்.”

“அப்ப திரும்பி வருவன் எண்டுதான் போயிருக்கிறான்.” தாளைத் திருப்பிக் கொடுத்தார். “இது காணும். இதிலை ஒரு எழுத்தும் மாத்தாதேங்கோ.”

வழக்கமாக அச்சடித்துக் கொடுக்கும் தமிழர் தாளை வாசித்துவிட்டு, மெஷின் பழுது என்றார். எப்போது சரிவரும் என்று கேட்டதற்கு அந்தியேட்டி முடிந்த பிறகு என்றார். சபாரத்தினம்தான் வால்தம்ஸ்டோவில், கென்யாவிலிருந்து வந்த குஜராத்திக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனார். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. கையெழுத்து மிக அழகு, இது கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார்.

அந்தியேட்டி அன்று லண்டனில் யாரும் காணாத பனி. ரயில்கள் நின்றுபோயின. ஆனாலும் மண்டபம் நிறைந்தது. சப்பாத்துகளிலிருந்து உருகிய தண்ணீர் வாசலில் குளமாக நின்றது. கிரியை முடிந்து, மரக்கறிச் சாப்பாடு பின்னால் தயாராக இருக்க, கலாவதி எழுந்து கல்வெட்டை வாசித்தார். தேவாரம், வெண்பா, வாழ்க்கைப் பாட்டு. வழக்கப்படி புலம்பலோடு முடிய வேண்டும். அவர் பக்கத்தைத் திருப்பினார்.

முன்வரிசையில் இருந்த தில்லையம்பலம் புத்தகத்தில் ஏற்கெனவே அந்தப் பக்கத்துக்குப் போயிருந்தார். “காணும், ரீச்சர். சாப்பாடு ஆறுது. மிச்சத்தை வீட்டை கொண்டுபோய்ப் படிக்கலாம்.”

மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. கலாவதிக்குத் தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது. அவனுடைய சின்ன மகளின் முகமும் வந்தது. சிவமலரைப் பார்த்தார். சிவமலர் தலையாட்டவில்லை, கையசைக்கவில்லை. இதையும் அவரே தீர்மானிக்கட்டும் என்பதுபோல இருந்தார்.

“கொஞ்சம்தான் இருக்கு, அண்ணை,” என்றார் கலாவதி. பாடும் குரலில் அல்லாமல், வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசிக்கும் குரலில் கடைசி எழுத்துவரை வாசித்தார்.

யாரும் எழுந்து போகவில்லை. வெளியே பனி, போக ரயிலும் இல்லை. அதோடு செத்தவன் பேரில் போடும் சோற்றை உண்ணாமல் போவது பெரிய பழி. எல்லாரும் தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள். சிவமலர் தானே வந்து தில்லையம்பலத்துக்குக் கறி விட்டார். “இன்னும் கொஞ்சம் போடட்டே, அண்ணை?” என்று கேட்டார். “போடு பிள்ளை,” என்றார் அவர். போகும்போது பலர் புத்தகத்தைக் கதிரையில் விட்டுவிட்டுப் போனார்கள். சிலர் கோட்டின் உட்பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் கலாவதி வீட்டுத் தொலைபேசி அதிகம் அடிக்கவில்லை. அடித்தபோதும் சில நாளில் மறுமுனையில் யாரும் பேசவில்லை. தம்பியின் கடிதங்கள் வந்தன. எல்லாரும் சுகம், மழை இல்லை என்று எழுதியிருந்தார். மெல்ல மெல்லச் சனங்கள் திரும்பவும் கல்வெட்டுக் கேட்டு வந்தார்கள், ஆனால் ஆளைப் பார்த்துப் பயந்தபடி. “கலாவதி அக்கா எழுதினால் சாட்சி கேப்பா,” என்று ஒரு பகிடி பிளேஸ்டோவில் பரவியது. அது முழுப் பகிடியும் அல்ல. மருமகள் புலம்பல் வேண்டும் என்றால் மருமகளைக் கூப்பிட்டு, மாமியார் உனக்கு என்ன செய்தார் என்று கேட்பார். சில மருமக்கள் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். அதில் போடக்கூடியதைப் போடுவார்.

கனகலிங்கம் 1997இல் லண்டனுக்கு வந்தார். ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து, வன்னிக்குப் போய், கொழும்புக்கு வந்து, அங்கிருந்து. தலை முழுவதும் நரைத்திருந்தது. வந்த மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

“அக்கா, அந்தப் பொடியன்ர கல்வெட்டு ஒண்டு கிடக்கோ?”

கலாவதி கறிச்சட்டியைக் கீழே வைத்தார். “நீ அதை எங்கை கண்டனீ?”

“ஒரு பின்னேரம் இயக்கத்துப் பொடியள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தி வைச்சினம். இஞ்சையிருந்து ஆரோ அனுப்பியிருக்கினம். மேசையிலை கிடந்தது. உன்ர கையெழுத்தெண்டு தூரத்திலையே தெரிஞ்சுது.”

“அடிச்சவையோ?” என்று கேட்டார் சபாரத்தினம்.

“அதை விடுங்கோ, அத்தான். பிறகு பாஸ் தரேல்லை. ஊரை விட்டு வெளியிலை போக அவையின்ர பாஸ் வேணும். சின்னவளின்ர கண்ணுக்குக் கொழும்பிலை காட்ட வேண்டியிருந்தது. ஏலாமல் போச்சு.” சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். கலாவதி தலை குனிந்திருந்தார். கடிதங்களில் எல்லாரும் சுகம் என்று வந்த வசனங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

“எனக்கு ஏன் ஒண்டும் எழுதேல்லை?”

“உதைக் கடிதத்திலை எழுதுறதே? உடைச்சுப் பாத்துத்தானே விடுறவை.” பிறகு அவர் முகத்தில் விசித்திரமான ஒரு சிரிப்பு வந்தது. “ஆனா அக்கா, ஒண்டைக் கேள். அதிலை ஒரு சின்னப் பொடியன், அவன்தான் கூடத் துள்ளினவன். ‘உன்ர அக்கா பொய் எழுதியிருக்கிறா’ எண்டான். என்ன பொய் தம்பி எண்டு கேட்டன். ‘நாலு பேர் வந்தது எண்டு கிடக்கு. நாங்கள் போனது மூண்டு பேர்’ எண்டான்.”

சபாரத்தினம் தலையை நிமிர்த்தினார்.

“பிறகு?”

“பிறகென்ன? பெரியவன் ஒருத்தன் அவனை வெளியிலை போகச் சொன்னான்.”

அடுத்த நாள் காலை கலாவதி தம்பியைக் கூட்டிக்கொண்டு சிவமலர் வீட்டுக்குப் போனார். கல்வெட்டும் பேனையும் பைக்குள் இருந்தன. கனகலிங்கம் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார்.

“பிழை விட்டிட்டன், சிவமலர்,” என்றார் கலாவதி. “ஆனந்தராஜா நாலு எண்டுதான் சொன்னவர். நல்லா ஞாபகமிருக்கு.”

“அந்தத் தம்பி என்ன சொன்னவர்? அவற்ர சொல்லிலை சொல்லுங்கோ.”

கலாவதி நினைத்துப் பார்த்தார். “நீக்கலுக்குள்ளாலை பாத்தன், நாலு பேர் மதகடிப் பக்கம் போச்சினம் எண்டு.”

“அப்ப அவர் பிழை சொல்லேல்லை.” சிவமலர் விரல்களை மடக்கி எண்ணினார். “வந்தது மூண்டு பேர். போனது நாலு பேர். நாலாவது ஆள் என்ர பிள்ளை.”

வெளியே யாரோ காரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். கனகலிங்கம் எழுந்து யன்னலோரம் போய் நின்றார்.

“கூட்டிக்கொண்டு போனதெண்டு வாசிக்கேக்கை, ரண்டு பேர் கையைப் பிடிச்சு இழுத்திருப்பினம் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனான். பாத்த ஆளுக்கே ஆர் அவை, ஆர் இவன் எண்டு தெரியேல்லை எண்டால், பக்கத்திலை சேந்துதான் நடந்து போயிருக்கிறான்.”

கலாவதி புத்தகத்தை விரித்துப் பேனையை எடுத்தார். “நாலை வெட்டி மூண்டெண்டு எழுதிவிடுறன்.”

“வெட்டாதேங்கோ. அது கிடக்கட்டும். பக்கத்திலை எழுதுங்கோ, வந்தது மூண்டு பேர் எண்டு.” சிவமலர் கதிரையை இழுத்து அருகில் வந்து அமர்ந்தார். “அதை ஆர் சொன்னதெண்டும் எழுதுங்கோ, அக்கா. அவனைக் கூட்டிக்கொண்டு போனவையே சொன்னது எண்டு எழுதுங்கோ.”